பூனையும் குட்டியும்: ஓர் உவமையின் வரலாறு

தலைநகரில் பனிக்காலம் கழிந்து, ரஜாய்களை வெயிலில் உலர்த்திப் பெட்டியில் அடுக்கும் மாசி, பங்குனித் திங்களில், அரசாங்கக் குடியிருப்புகளின் பரண்களில் பூனைகள் குட்டி ஈனும். இராமகிருஷ்ணபுரத்தில் நம்மவர் இல்லம் ஒன்றில் அவ்வாறு ஒரு பூனை நான்கு குட்டிகளை ஈன்றது. கண் திறவாத அவற்றைக் காணக் குழந்தைகள் ஏணி வைத்து ஏறினர். மறுநாளே தாய்ப்பூனை ஒவ்வொரு குட்டியாகப் பிடரியில் கவ்விக்கொண்டு மாடிப்படியின் அடிக்கு மாறியது. அங்கு நாயொன்று மோப்பமிடவே, அடுத்த வீட்டுப் பின்புறத்திற்குக் குடிபெயர்ந்தது. திருவரங்கத்திலிருந்து மகனிடம் வந்திருந்த அவ்வீட்டு மூதாட்டியார் இதனைக் கண்டு, "இதைத்தானே நம் பெரியவர்கள் சொல்லிவைத்தார்கள்!" என்றார். "எதைப் பாட்டி?" என்று பேரன் வினவினான். அவ்வினாவிற்கு விடை தேடப் புகுந்தோம்.

பூனை நம் இலக்கியத்திற்குப் புதிதன்று. வெருகின் இளமைப் பெயர் குட்டி என்றும், பறழ் எனினும் பொருந்தும் என்றும் தொல்காப்பிய மரபியல் வரையறுக்கிறது. குறுந்தொகைத் தலைவி ஒருத்தி, தன் இன்துயிலை எழுப்பிய சேவலை, இல்லெலி தேடும் வெருகிற்கு இரையாகுக எனச் சபிக்கிறாள். மாமல்லபுரத்துப் பெரும்பாறையிலோ பூனை போலித் தவசியாய் நிற்கிறது. அவ்வூரிலேயே குரங்கு, குட்டிக்குப் பாலூட்டும் தாயாகச் செதுக்கப்பட்டுள்ளது. சிற்பி பூனைக்கு ஓரவஞ்சனை செய்துவிட்டான் என்றே நமக்குத் தோன்றுகிறது.

அக்குறையை நீக்கியவர்கள் வைணவப் பெரியோர்கள். இறைவன் உயிரைக் காப்பது எவ்வாறு என்னும் வினாவிற்குத் தென்கலை மரபு தாய்ப்பூனையைச் சுட்டியது. குட்டி ஒன்றும் செய்வதில்லை. தாயே கவ்விச் செல்கிறது. இது மார்ஜார நியாயம். குரங்குக் குட்டி தாயின் வயிற்றைத் தானே பற்றிக்கொள்வது போல, உயிரின் பக்கலிலும் அருளுக்கு ஒரு வியாஜம் வேண்டும் என்பது வடகலை மரபு. இது மர்க்கட நியாயம். முன்னதற்குப் பிள்ளை லோகாசாரியரின் ஸ்ரீவசன பூஷணமும், பின்னதற்கு வேதாந்த தேசிகரின் இரகசியத்திரயசாரமும் அடிப்படை நூல்களாகக் கொள்ளப்படுகின்றன. சரணாகதியே வழி என்பதில் இருவருக்கும் வேறுபாடில்லை என்பதை, வழக்காடியவர்கள் பலகாலும் மறந்தனர்.

இனி அப்பூனையையே சற்று உற்று நோக்குவோம். ஏறத்தாழ ஒன்பது வாரம் சுமந்து ஈன்ற குட்டிகள், கண்ணும் செவியும் அடைபட்டே பிறக்கின்றன. தாய் நாவால் வருடினாலன்றி அவற்றிற்குச் சிறுநீரும் கழியாது. பிறந்த சில நாட்களுக்குள் ஒவ்வொரு குட்டியும் தனக்கென ஒரு காம்பை மணத்தால் அறிந்து அதனையே நாடுகிறது. கண் திறக்க ஒன்று அல்லது இரண்டு வாரம் ஆகும். தாய் பிடரியைக் கவ்விய அளவில் குட்டி அசைவொழிந்து, பின்னங்கால்களையும் வாலையும் வயிற்றோடு சுருட்டிக்கொள்கிறது. இது சோம்பலன்று, துள்ளும் குட்டியை எத்தாயாலும் தூக்கிச் செல்ல இயலாது. தன்னை ஒப்புவித்தலும் ஒரு செயலே போலும்! குரங்கின் திறத்திலும் இவ்வாறே. ரெய்சினாக் குன்றின் செயலகக் கட்டடங்களில் பணியாற்றிய நம்மவர் கண்டிருப்பர்: பச்சிளங்குட்டி எவ்வளவு இறுகப் பற்றினும், தாவுமுன் தாய் ஒரு கையால் அதனை அணைத்துக்கொள்ளும். ஆகவே இரு தாயரும், இரு குட்டிகளும், வாதம் புரிந்தோர் எண்ணிய அளவு தொலைவில் இல்லை.

மேலும், தூக்கிச் சுமப்பது சில வாரங்களுக்கே. நான்காம் வார அளவில் தாய் செத்த எலியைக் கொணர்ந்து இடும். பின்னர் உயிருள்ளதைக் கொணர்ந்து குட்டிகளின் முன் விடும். எட்டாம் வாரத்தில் பால் தேடி வரும் குட்டியைச் சீறி விலக்கும். இப்பகுதியை எந்த ஆசாரியரும் உவமையாக்கினாரா என நாம் வியப்பதுண்டு.

உவமை உண்மையாக நடந்தேறிய ஆண்டு 1323. தில்லியில் துக்ளகாபாத் கோட்டையை எழுப்பிய கியாசுதீனின் மகன் உலூக் கான் தலைமையில் தென்னகம் நோக்கிச் சென்ற படை, திருவரங்கத்தை நெருங்கிற்று. (இவரே பின்னர் முகம்மது பின் துக்ளக் என அரசாண்டு, 1327-இல் தில்லி மக்களைத் தௌலதாபாத்திற்குப் பெயர்த்து, மீண்டும் தில்லிக்கே திரும்பச் செய்தவர். இடமாற்றத்தில் பூனையையும் விஞ்சியவர்!) அப்போது, நாம் அனைவரும் பூனைக்குட்டிகள் என்னும் மரபின் முதல்வராகிய பிள்ளை லோகாசாரியர், முதுமையில், உற்சவத் திருமேனியாகிய அழகிய மணவாளனை எழுந்தருளப்பண்ணிக்கொண்டு தெற்கே புறப்பட்டார் என்று குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. சுமக்கப்பட வேண்டியவர் சுமந்தார். சுமக்க வேண்டியவன் குட்டியாய் அடங்கிச் சென்றான். மதுரைப் பக்கத்து ஜோதிஷ்குடியில் ஆசாரியரின் வாழ்வு முடிந்தது.

அதே நாளில் தேசிகர், சுருதப்பிரகாசிகை ஏட்டையும், அதனை இயற்றிய சுதர்சன சூரியின் இரு மைந்தரையும் காக்கும் பொருட்டுப் பிணங்களினிடையே மறைந்திருந்து, அவர்களைக் கன்னட நாட்டிற்குக் கொண்டு சேர்த்தார் என்பது வரலாறு. குரங்கு நியாயத்தார் என்று நாம் கூறும் அவர் அன்று செய்ததும் தாய்ப்பூனையின் தொழிலே.

இறைத்திருமேனியோ கேரளம், மேல்கோட்டை, திருமலை, செஞ்சி எனப் பல இடம் மாறியது. இடமாற்றல் ஆணையால் குழந்தைகளின் பள்ளியும் பாடமொழியும் மாறக் கண்ட நமக்கு, அத்தவிப்பின் ஒரு துளி தெரியும். விசயநகரத்துக் கோபணாரியர் 1371-இல் அரங்கனை மீட்டுத் திருவரங்கத்தில் எழுந்தருளச் செய்ததைக் கோயிற் கல்வெட்டு உரைக்கிறது. அதற்குள் நாற்பத்தெட்டு ஆண்டுகள் கடந்துவிட்டமையால், முன்பு இருந்த திருமேனி எது என அறிந்தவர் அரியராயினர். கண்ணொளி இழந்த வயோதிக வண்ணார் ஒருவர், அரங்கனின் ஈரவாடையைப் பிழிந்த தீர்த்தத்தைப் பருகி, "இவரே நம்பெருமாள்" என்றார் எனக் கோயில் மரபு கூறும். அன்று முதல் அப்பெயரே வழங்கலாயிற்று.

மூதாட்டியார் இவ்வளவையும் பேரனுக்குச் சொல்லி முடித்த மாலையில், அப்பூனை மீண்டும் பரணில் ஏறி, ஒன்றும் எஞ்சவில்லை எனப் பார்த்துவிட்டு இறங்கிச் சென்றது.