கஞ்சாப் பயிரில் கவாத்தும் ஆண்செடி நீக்கமும்: 1893–94 ஆணைய அறிக்கையும் சேதுக் கடற்கரையும்

முன்னுரை

இராமநாதபுரம், இராமேசுவரம் கடற்கரையையும் கஞ்சாவையும் இணைத்துப் பேசும்போது இன்று நினைவுக்கு வருவது கடத்தல் மட்டுமே. மண்டபம் முதல் தனுஷ்கோடி வரையிலான கரையில் பிடிபடும் மூட்டைகள் செய்தியாகின்றன. அம்மூட்டைக்குள் உள்ள பொருள் எத்தகைய உழவுத்தொழிலின் விளைவு என்பது வரலாற்றாய்வில் அரிதாகவே வினவப்படுகிறது. இன்றைய சட்டம் கஞ்சாவை வரையறுக்கும் முறைக்கு முன்வடிவம் உழவரின் கவாத்துத் தொழிலில் உள்ளது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

ஆணையமும் சாகுபடிப் பதிவுகளும்

1893 மார்ச்சில் பிரித்தானிய நாடாளுமன்றத்தில் டபிள்யூ. எஸ். கெய்ன் எழுப்பிய வினாவையொட்டி, அவ்வாண்டு ஜூலையில் டபிள்யூ. மெக்வொர்த் யங் தலைமையில் ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. 1,193 சாட்சிகளை விசாரித்த அவ்வாணையம், முழுத்தடை வேண்டா. உரிமத்துக்குட்பட்ட சாகுபடியும் வரியுமே போதும் என 1894இல் பரிந்துரைத்தது. ஆய்வாளர் பெரும்பாலும் இப்பரிந்துரையோடு நின்றுவிடுகின்றனர். சாகுபடி குறித்த பகுதிகளே இதனினும் வளமானவை என்பது என் மதிப்பீடு.

வங்காளத்தின் ராஜ்ஷாகி மாவட்டத்து நௌகான் வட்டாரச் சாகுபடியைத் தாவரவியலார் டேவிட் பிரெய்னும் 1893இல் தனியே ஆராய்ந்து எழுதினார். அங்கு நாற்றங்காலில் வளர்ந்த செடிகள் செப்டம்பரில் பார்களில் நடப்பட்டன. நவம்பரில் அடிக்கிளைகள் கழிக்கப்பட்டன. செடியின் ஊட்டம் மேற்கிளைகளின் பூங்கதிருக்குச் சென்று கதிர் திரளவேண்டும் என்பதே நோக்கம். அடுத்து நிகழ்ந்தது ஆண்செடி நீக்கம். மகரந்தம் பரவினால் பெண்செடி விதை பிடித்துவிடும். பிசின் செறிந்த கதிர் கிட்டாது. எனவே 'போத்தார்' எனப்பட்ட தேர்ந்த தொழிலாளி வரிசைவரிசையாக நடந்து, பூக்கத் தொடங்கும் ஆண்செடிகளை இனங்கண்டு பிடுங்கினார். ஓர் ஆண்செடி தப்பினாலும் சுற்றியுள்ள பயிர் கெடும். அறுவடைக்குப்பின் கதிர்களைத் தட்டையாக மிதித்தும் உருட்டியும் பதப்படுத்தினர். தண்டு குறைந்த உருட்டு வகைக்கு வரி கூடுதல். கவாத்துக் கத்தியின் பயன் இவ்வாறு கருவூலக் கணக்கிலும் ஏறியது.

உழவரின் பாலறிவைப் பற்றி ஒரு குறிப்பு. தாவரவியலார் பெண் என்ற செடியையே உழவர் பலர் 'ஆண்' என வழங்கினர். ஐரோப்பியச் சணல் உழவரிடமும் இதே தலைகீழ் வழக்கு இருந்தது. இதனை அறியாமை எனத் தள்ளுவதற்கில்லை. பெயர் மாறியதேயன்றி, பிடுங்கவேண்டிய செடி மாறவில்லை.

கடற்கரையும் பனையும்

சென்னை மாகாணத்தில் இத்தகைய சாகுபடிக்குக் கிருஷ்ணா மாவட்டமும் வட ஆர்க்காட்டு ஜவ்வாது மலையுமே பெயர்பெற்றவை. அக்காலத்தில் மதுரை மாவட்டத்துக்குட்பட்டிருந்த இராமநாதபுரம் சமீன் இப்பட்டியலில் இடம்பெறவில்லை. உரமும் ஈரமும் தொடர்கண்காணிப்பும் வேண்டும் பயிருக்கு இம்மணற்கரை ஏற்றதன்று. எனினும் பூவைப் பார்த்துப் பால் அறிந்து தொழில் செய்யும் திறன் இக்கரைக்குப் புதிதன்று. பனையும் ஆண், பெண் மரங்கள் தனித்தனியானது; பாளை விடும்வரை பால் தெரியாது. ஆண்மரமாகிய அலகுப்பனை, பெண்மரமாகிய பருவப்பனை இரண்டின் பாளைகளையும் கடிப்பால் நசுக்கிச் சீவிப் பதநீர் இறக்குவர். போத்தாருக்கு ஆண்செடி அழிக்கவேண்டிய பகை. பனையேறிக்கோ அது விளைச்சலில் பாதி.

வரையறையின் தடம்

1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் கஞ்சாவைப் பூக்கும் அல்லது காய்க்கும் நுனிக்கதிர் என வரையறுக்கிறது. நுனியோடு சேராத இலையையும் விதையையும் விலக்குகிறது. நௌகான் உழவர் கழித்ததும் பேணியதும் சட்டத்தில் விலக்காகவும் பொருளாகவும் நிற்கின்றன. தமிழ் வழக்கிலோ செடி, இலை, கதிர் அனைத்தும் கஞ்சாவே. இவ்விடைவெளி சொல்லாராய்ச்சிக்கு மட்டும் உரியதன்று. 20 கிலோவைக் கடந்தால் வணிக அளவு; தண்டனை குறைந்தது 10 ஆண்டுச் சிறை. பிடிபட்ட மூட்டையை எடைபோடுகையில் தனித்து உதிர்ந்த இலையும் விதையும் நீக்கப்பட்டனவா என்பது, அதைச் சுமந்துவந்த படகுக் கூலியாளின் தண்டனைக் காலத்தைத் தீர்மானிக்கக்கூடியது.