தோட்டைக் கழற்றிய பின்

புதுக்கடைக்குப் பக்கத்துப் பார்த்திவசேகரபுரத்தில், முஞ்சிறைச் சபையாருக்கு மாற்று நிலம் கொடுத்துப் பெற்ற இடத்தில், ஆய் மன்னன் கருநந்தடக்கன் கி.பி. 866 வாக்கில் விஷ்ணு கோயிலும் கல்விச் சாலையும் நிறுவினான். அவனுடைய செப்பேடு 95 மாணவர்க்கு இடம் ஒதுக்கி, அவர்கள் நடந்துகொள்ள வேண்டிய முறையையும் வகுக்கிறது. கோயிலைச் சார்ந்தவர் யாராயினும் அவருக்கு ஓர் இடம், ஒரு வேலை, ஒரு படி. அதுவே அவருடைய அடையாளம். சாலை மாணவன் படிப்பு முடிந்தால் வெளியேறலாம். பிற்காலத்தில் இதே தென் திருவிதாங்கூரில், ஆறு முதல் எட்டு வயதுக்குள் இறைவனுக்குத் தாலி கட்டி விடப்பட்ட பெண்களுக்கு அந்த வழி இருந்ததா என்பதே கேள்வி. மிகுபுனைவில் விடை சுலபம். அர்சுலா லெ குவின் 1971-இல் வெளியிட்ட 'தி டூம்ஸ் ஆஃப் அட்டுவான்' நாவலில், சிறுவயதிலேயே பெயர் பறிக்கப்பட்டுப் பூசாரிணியாக்கப்பட்ட பெண் தன் பழைய பெயரை மீட்டுக்கொண்டு வெளியே நடந்துவிடுகிறாள்.

இங்கேயும் ஒரு வெளியேற்றம் இருந்தது. தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி 1909-இல் வந்த எட்கர் தர்ஸ்டனின் தொகுதிகளில் என். சுப்பிரமணிய அய்யர் அதை விவரிக்கிறார். குடிக்காரி என்று அழைக்கப்பட்ட கோயில் தாசி, மூப்பாலோ நோயாலோ ஆட முடியாமல் போனால், தோட்டைக் கழற்ற அனுமதி கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். அரண்மனையில் அதிகாரிகள் முன்னிலையில் பலகை மேல் அமர்ந்து, தோடுகளைக் கழற்றி, 12 பணம் காணிக்கையோடு அங்கே வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும். அந்தக் கணம் முதல் அவள் 'ஆடும்பாத்திரம்' அல்ல, 'தாய்க்கிழவி'. தோடுகள் உடனே அவளிடம் திரும்பி வரும். ஆனால் அவற்றை மறுபடி அணியக் கூடாது. பழங்காலக் காதணியான பாம்படம் மட்டும் போடலாம். சம்பளமும் சற்றுக் குறையும். நடந்து போனவள் அவள்தான் என்றாலும், எப்போது போகலாம், காதில் எதைப் போடலாம் என்பதை முடிவு செய்தது அரண்மனை.

தாசிகளுக்குச் சொத்துரிமை இருந்தது, எழுத்தறிவு இருந்தது, விதவைக் கோலம் கிடையாது. அக்காலக் குடும்பப் பெண்ணைவிட அவர்கள் சுதந்திரமானவர்கள் என்பார்கள் சிலர். இதைத் தள்ளிவிட முடியாது. தேவதாசி ஒழிப்பை எதிர்த்துக் குரல் கொடுத்த பெங்களூர் நாகரத்தினம்மாள் சொந்தப் பணத்தில் திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதி ஆலயம் எழுப்பியவர். ஆனால் அந்தப் பணம் கச்சேரி மேடையில் சம்பாதித்தது, கோயில் படியில் மிச்சம் பிடித்ததல்ல. குடிக்காரியின் வீடும் படியும் ஊழியத்துக்காகக் கிடைத்தவை. ஊழியம் குறைந்தால் படியும் குறையும் என்பதற்குத் தாய்க்கிழவியே சாட்சி. கோயில் வாசலுக்கு வெளியே பிழைக்க வழி வைத்திருந்தவளுக்கே சுதந்திரம் கைவந்தது.

அப்படியானால் சட்டம் விடுவிக்கவில்லையா என்று கேட்கலாம். 1930-இல் ரீஜண்ட் ராணி சேது லட்சுமி பாய் திருவிதாங்கூர்க் கோயில்களில் தாசி ஊழியத்தை நிறுத்தினார். சென்னை மாகாணத்தில் முத்துலட்சுமி ரெட்டி 1927-இல் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தும் முழுத் தடை வர 1947 ஆயிற்று. திருவிதாங்கூர் முந்திக்கொண்டது பெருமைக்குரியதே; அந்த ஆணை வேண்டியதுதான். ஆனால் தோட்டைக் கழற்றும் சடங்கைப் போலவே அதுவும் அரண்மனையிலிருந்து இறங்கி வந்தது. தாசி வீட்டில் வளர்ந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் தாசி முறைக்கு எதிராக ஊர் ஊராக மேடையேறிப் பேசினார், 1936-இல் நாவலும் எழுதினார். விடுதலையைத் தானே கேட்டுப் பெற்ற குரல் என்றால் அவருடையதைத்தான் சொல்வேன். அதே 1936-இல் ருக்மிணி தேவி நடனம் கற்பிக்கும் கலாக்ஷேத்ராவைத் தொடங்கினார். தாசிகளின் ஆட்டம் மற்ற வீட்டுப் பெண்களுக்கு மதிப்புள்ள கலையாயிற்று. தென் திருவிதாங்கூர்த் தாசிகள் ஆடிய சுசீந்திரம் கோயிலின் வரலாற்றைக் கே. கே. பிள்ளை எழுதி 1953-இல் நூலாக வந்தபோது, அதைப் பதிப்பித்ததும் கலாக்ஷேத்ராதான்.