பெயர் எழுதும் மூலை

மூன்று ஆண்டுகளுக்கு முன் சென்னையில் ஒரு கைவினைக் கண்காட்சியில் மரத்தட்டு ஒன்று வாங்கினேன். கறுப்புக் கோட்டில் இரண்டு மீன்கள், சுற்றிலும் தாமரை இலைகள். தட்டில் கட்டியிருந்த அட்டையில், இதை வாங்கும் நீங்கள் ஒரு கிராமத்துப் பெண்ணின் வாழ்வுக்குத் துணை நிற்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தார்கள். விலை இருந்தது. அந்தப் பெண்ணின் பெயர் இல்லை. யார் வரைந்தது என்று கடையில் நின்ற தம்பியிடம் கேட்டேன். “மதுபனி, மேடம்” என்றார். நான் ஆளைக் கேட்டேன், அவர் ஊரைச் சொன்னார்.

மதுபனி பீகாரின் வடக்கே, நேபாள எல்லையை ஒட்டிய மிதிலைப் பகுதியில் இருக்கிறது. அங்கே பெண்கள் வீட்டுத் தரையில் அரிசிமாவுக் கரைசலால் ‘அரிபன்’ இடுவார்கள். நம் மாக்கோலத்துக்கு உறவு. திருமணத்தின்போது மணமக்கள் முதல் இரவுகளைக் கழிக்கும் ‘கோஹ்பர்’ அறையின் சுவரில் தாமரையும் மூங்கிலும் மீனும் கிளியும் ஆமையும் வரைவார்கள். கை பழகிய மூத்தவள் கோடு இழுக்க, இளையவர்கள் வண்ணம் நிரப்புவார்கள். அடுத்த மழையில் சுவர் ஊறும், அடுத்த கல்யாணத்துக்கு மீண்டும் மெழுகி வரைவார்கள். அதில் யாரும் கையெழுத்துப் போடவில்லை. போட வேண்டிய தேவையும் இல்லை. யார் வரைந்தது என்று அந்தத் தெருவுக்கே தெரியும்.

1934 ஜனவரி 15ஆம் நாள் பெரும் நிலநடுக்கம் வந்தது. சேதத்தைப் பார்வையிடப் போன டபிள்யூ. ஜி. ஆர்ச்சர் என்ற ஆங்கில அதிகாரி, இடிந்த வீடுகளின் உட்சுவர்களில் இந்த ஓவியங்களைக் கண்டார். வீடு நின்றிருந்தால் அந்நிய ஆண் ஒருவர் ஒருபோதும் நுழைந்திருக்க முடியாத அறைகள் அவை. பின்னாளில் அவர் அவற்றைப் படமெடுத்தார், 1949இல் ‘மார்க்’ இதழில் கட்டுரை எழுதினார். ஐரோப்பிய நவீன ஓவியர்களோடு ஒப்பிட்டு வியந்தார். மிதிலை ஓவியம் ‘கண்டுபிடிக்கப்பட்ட’ கதையை எல்லா நூல்களும் இங்கிருந்துதான் தொடங்குகின்றன. நானும் அப்படியே தொடங்கிவிட்டேன் என்பதை இப்போதுதான் கவனிக்கிறேன். வீட்டுக்கூரை இடிந்து விழுந்த நாளில் அந்தப் பெண்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதை எந்த நூலும் சொல்லவில்லை.

சுவரிலிருந்து தாளுக்கு வந்தது பஞ்சத்தால். 1966–67இல் பீகாரில் கடும் வறட்சி. கைவினைத் துறையில் செல்வாக்கோடு இருந்த புபுல் ஜெயகர், பாஸ்கர் குல்கர்னி என்ற பம்பாய் ஓவியரைத் தாள்களோடு மதுபனிக்கு அனுப்பினார். ஜித்வார்பூர், ராந்தி போன்ற ஊர்களில் அவர் வீடு வீடாகப் போனார். சுவரில் வரைவதைத் தாளில் வரைந்து தாருங்கள், பணம் தருகிறோம் என்றார். கல்யாணத்துக்கு வரைந்ததை விற்பதா என்று பலர் தயங்கினார்கள். வேறு வழியில்லாதவர்கள் முதலில் முன்வந்தார்கள். ஜகதம்பா தேவிக்கு 1975இலும் சீதா தேவிக்கு 1981இலும் பத்மஸ்ரீ கிடைத்தது. தாள் அந்தப் பெண்களுக்கு இரண்டைக் கொடுத்தது. ஒன்று காசு. மற்றொன்று, கீழ் ஓரத்தில் பெயர் எழுத ஒரு மூலை.

அந்த மூலை எல்லோருக்கும் ஒரே நாளில் கிடைக்கவில்லை. தொடக்கத்தில் தாள் போய்ச் சேர்ந்தது பெரும்பாலும் பிராமண, காயஸ்தப் பெண்களின் கைகளுக்கு. வண்ணம் நிரப்பும் பாணி ‘பர்னி’, கோட்டை நம்பிய பாணி ‘கச்னி’ என்று அவர்களின் வரைமுறைகளே மிதிலையின் இலக்கணமாயின. அதே ஊரில் துசாத் என்ற தலித் சமூகத்துப் பெண்களும் இருந்தார்கள். 1970களில் எரிகா மோசர் என்ற ஜெர்மானிய மானிடவியலாளர் அவர்களையும் வரையத் தூண்டினார். எதை வரைவது? சானோ தேவி போன்றவர்கள் மேல்சாதியாரின் சுவரைப் பார்க்கவில்லை, தங்கள் உடம்பைப் பார்த்தார்கள். கையிலும் காலிலும் குத்தியிருந்த பச்சையிலிருந்து ‘கோத்னா’ பாணி பிறந்தது. சாணம் பூசிய தாளில் வட்ட வட்டமாக, வரிசை வரிசையாகச் சின்ன உருவங்கள். நடுவில் அவர்களின் வீரன் ராஜா சல்ஹேஸ். வீட்டில் சுவர் இருக்கிறதா இல்லையா என்பது வேறு. தோல் எல்லோருக்கும் இருக்கிறது. ‘பெண்களின் கலை’ என்று ஒற்றைச் சொல்லில் பேசும்போதெல்லாம் எனக்கு இந்தப் பச்சைதான் நினைவுக்கு வருகிறது.

கங்கா தேவியைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். கச்னிக் கோட்டின் பேராளுமை அவர். குழந்தை இல்லை, கணவர் இரண்டாம் திருமணம் செய்துகொண்டார், வீட்டில் அவருக்கு இடமில்லாமல் போயிற்று. மற்றவர்களின் திருமண அறைக்குத் தாமரை வரைந்த கை, அதன் பிறகு தாளில் பிழைத்தது. 1984இல் பத்மஸ்ரீ. 1985இல் இந்திய விழாவுக்காக அமெரிக்கா போனார். அங்கே பார்த்த ரோலர் கோஸ்டரை வரைந்தார். பிறப்பு முதலான பெண் வாழ்வின் சடங்குகளுக்குப் பயன்பட்ட அதே கோடு இப்போது ராட்டினத்தில் ஏறிச் சுற்றியது. புற்றுநோய் வந்தபோது மருத்துவமனையையும் சிகிச்சையையும் வரைந்தார். மரபுக் கலைஞருக்கு ‘நான்’ இல்லை என்று வகுப்பில் பாடம் சொல்லும் நாங்கள் அந்தத் தொடரை ஒருமுறையாவது பார்த்திருக்க வேண்டும். அவர் 1991இல் இறந்தார். தில்லி கைவினை அருங்காட்சியகத்தில் அவர் வரைந்த கோஹ்பர் அறை 2015இல் புதுப்பிப்பு வேலையின்போது அழிக்கப்பட்டது. மண்சுவர் மழையில் கரைவது வேறு. பாதுகாப்பதற்கென்றே இருக்கும் கட்டடத்தில் சுவர் போவது வேறு.

என் அலமாரியில் தாரா புக்ஸ் வெளியிட்ட ஒரு நூல் இருக்கிறது. துலாரி தேவியின் படங்களும் அவர் சொன்ன கதையும். அதை உருவாக்கியது சென்னைப் பதிப்பகம் என்பதில் எனக்குச் சின்னப் பெருமை உண்டு. துலாரி மீனவச் சாதியான மல்லா சமூகத்தில், ராந்தியில் பிறந்தவர். பள்ளி கிடையாது. சிறுவயதில் திருமணம், பிறந்த பெண்குழந்தை இறந்தது, தாய்வீட்டுக்குத் திரும்பினார். பிறகு வீட்டுவேலை. அவர் பெருக்கித் துடைத்த வீடுகளில் ஒன்று, பின்னாளில் பத்மஸ்ரீ பெற்ற ஓவியர் மகாசுந்தரி தேவியுடையது. அங்கே வேலைக்கு நடுவே பார்த்துப் பார்த்து, பிறகு கேட்டுக் கற்றுக்கொண்டார். ஒருத்திக்கு வரையும் நேரம் கிடைக்க இன்னொருத்தி அவள் வீட்டுத் தரையைத் துடைக்க வேண்டியிருந்தது. கற்றுக்கொடுத்தார்கள், அது பெரிய விஷயம். இரண்டும் ஒரே வீட்டில் நடந்தன. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

துலாரிக்கு 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2025 பிப்ரவரி முதல் நாள் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அவர் பரிசளித்த மதுபனிச் சேலையை உடுத்தி வரவுசெலவுத் திட்டத்தை வாசித்தார். தொலைக்காட்சிகள் அன்று முழுக்கச் சேலையைப் பேசின. அந்த ஆண்டு பீகாரில் தேர்தல் என்பதையும் பேசின. ஆனால் ஒன்று நடந்தது: சேலையைச் சொன்னவர்கள் வரைந்தவரின் பெயரையும் சொன்னார்கள்.

எழுதத் தெரியாத துலாரி தன் பெயரையும் ஊரின் பெயரையும் மட்டும் எழுதக் கற்றுக்கொண்டவர் என்று படித்தேன். அந்த இரண்டு சொற்கள் ஓவியத்தின் மூலையில் வந்து உட்கார எத்தனை ஆண்டுகள் ஆயின என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், 1966இலிருந்து. இப்போது கண்காட்சிக்குப் போனால் பொருளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, வரைந்தவர் பெயரைக் கேட்கிறேன். சில கடைகளில் உடனே சொல்கிறார்கள், ஊரையும் குழுவையும் சேர்த்துச் சொல்கிறார்கள். சிலர் மேலாளரைக் கூப்பிடுகிறார்கள். ஒரு கடையில், பெயர் எழுதினால் விலை கூடும் மேடம் என்று சிரித்தார்கள். கூடட்டும் என்றேன்.

அந்த மீன்தட்டு என் வீட்டில்தான் இருக்கிறது. காப்பித் தம்ளர் வைத்து வைத்து ஒரு மீனின் கண் அழிந்துகொண்டு வருகிறது.