அம்பாறைக் கரையோரத்தின் போர் மரபும் வரலாற்றுத் தலங்களும்

இலங்கையின் கிழக்குக் கரையில் பெரியநீலாவணை தொடங்கிப் பாணமை வரை நீளும் அம்பாறைக் கரையோரத்தில் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, பொத்துவில் என முஸ்லிம் ஊர்கள் தொடராக அமைந்துள்ளன. அவற்றுக்கு இடையே பாண்டிருப்பு, காரைதீவு, தம்பிலுவில், திருக்கோவில் போன்ற தமிழ் ஊர்கள் இருக்கின்றன. காலி, யாழ்ப்பாணம், திருகோணமலை ஆகிய நகரங்களைப் போல இங்கே பெயர்பெற்ற கற்கோட்டை எதுவும் இல்லை. அதனால் கோட்டைகளைப் பற்றிய நூல்கள் பெரும்பாலும் மட்டக்களப்போடு நின்றுவிட்டு, அடுத்து அம்பாந்தோட்டைக்குத் தாவிவிடுகின்றன. இது பெருங்குறை. இக்கரையின் ஊர் அமைப்பு, பற்றுப் பிரிவு, குடிமுறை, உள்நாட்டுப் பாதைகள் ஆகிய யாவும் போரும் காவலும் சார்ந்த முடிவுகளோடு பின்னிக் கிடப்பவை. 1961 வரை இப்பகுதி மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பாகமாகவே இருந்தது. எனவே மட்டக்களப்பு நகரின் புளியந்தீவுக் கோட்டையே இக்கரையின் கோட்டையும் ஆகும்.

தீகவாபி

இப்பகுதியின் மிகப் பழைய போர்க் குறிப்பு மகாவம்சத்தில் வருகிறது. உருகுணையை ஆண்ட காவன்தீசன் தன் இளைய மகன் சத்தாதீசனைத் தீகவாபிப் பகுதியின் பொறுப்பில் அமர்த்தினான். தந்தை இறந்ததும் இளையவன் தாயையும் கண்டுல என்ற பட்டத்து யானையையும் தீகவாபிக்குக் கொண்டுபோனான். அரசுரிமையின் அடையாளமான யானையைத் திருப்பித் தர அவன் மறுத்ததால், அண்ணன் துட்டகைமுனு தம்பிமீது படையெடுத்தான். முதற்போரில் அண்ணன் தோற்று ஓடினான், அடுத்த போரில் வென்றான், பின்னர் சகோதரர் சமாதானமாயினர். அனுராதபுரத்தின் மீதான புகழ்பெற்ற படையெடுப்புக்கு முன்னர் நடந்த இச்சகோதரப் போரில் தீகவாபி ஒரு தரப்பின் தளமாக இருந்தது. சத்தாதீசன் பின்னர் அரசனாகி, கி.மு. 2ஆம் நூற்றாண்டில் இங்கே தாதுகோபம் எழுப்பினான். அதன் செங்கல் மேட்டைச் சுற்றி இன்று வயல்கள் விரிந்து கிடக்கின்றன, அவற்றில் பல முஸ்லிம் விவசாயிகள் செய்கை பண்ணுபவை.

கண்டியின் கடல்வாசல்

பதினேழாம் நூற்றாண்டில் மட்டக்களப்பும் கொட்டியாரமும் கண்டி அரசின் கீழ்த்திசை வாசல்களாக இருந்தன. மேற்குக் கரை போர்த்துக்கேயர் கையில் இருந்தபோது, கண்டிக்கு வெளியுலகத் தொடர்பு இந்த வாசல்கள் வழியாகவே கிடைத்தது. 1602இல் ஒல்லாந்த மாலுமி யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்பில் இறங்கி, அங்கிருந்து கண்டிக்குப் போய் முதலாம் விமலதர்மசூரியனைச் சந்தித்தார். அடுத்த ஆண்டு வந்த செபால்ட் டி வேர்ட் அரசனோடு முரண்பட்டு, இதே கரையில் தம் ஆட்களோடு கொல்லப்பட்டார்.

கல்முனை வட்டாரத்தின் வரலாற்றில் 1626 முக்கியமான ஆண்டு. போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினர். கண்டியரசன் செனரத் அவர்களை ஏற்று, ஏறக்குறைய 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றியதாக வரலாற்று நூல்கள் குறிக்கின்றன. அதற்கு முன்பே இக்கரையில் சோனகர் வாழ்ந்திருந்தனர், இக்குடியேற்றம் அவர்களது தொகையைப் பெருக்கியது. இதை வெறும் அடைக்கலமாக மட்டும் பார்ப்பது போதாது. கடலும் வாணிகமும் தெரிந்த, போர்த்துக்கேயரைப் பகைக்கக் காரணமுள்ள ஒரு மக்கட்கூட்டத்தைத் தன் திறந்த கரையில் அமர்த்துவது எந்த அரசனுக்கும் காவற்பயன் தரும் காரியம். இரண்டே ஆண்டுகளில், 1628இல், போர்த்துக்கேயர் புளியந்தீவில் கோட்டை கட்டியதை இதோடு சேர்த்துப் பார்த்தால், இரு தரப்பும் இக்கரைக்கு அளித்த மதிப்பு விளங்கும்.

அக்கோட்டை பத்தாண்டுகள்தான் போர்த்துக்கேயரிடம் இருந்தது. 1638 மார்ச்சில் கண்ணொறுவைப் போரில் கண்டிப் படை அவர்களை முறியடித்தது. அதே ஆண்டு மே 18ஆம் தேதி, இரண்டாம் இராஜசிங்கனின் படையும் அடம் வெஸ்டர்வோல்டின் ஒல்லாந்தக் கடற்படையும் சேர்ந்து மட்டக்களப்பைப் பிடித்தன. இலங்கையில் ஒல்லாந்தர் கைப்பற்றிய முதற்கோட்டை இது. ஐந்து நாள் கழித்து, மே 23இல், அரசனுக்கும் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனிக்கும் இடையே உடன்படிக்கை கைச்சாத்தானது. கைப்பற்றும் கோட்டைகளில் அரசன் விரும்பினால் மட்டுமே ஒல்லாந்தப் படை தங்கலாம் என்ற நிபந்தனை ஒரு பிரதியில் இருந்தது, மற்றதில் இல்லை. அடுத்த நூறாண்டுக்கு மேலான கசப்புக்கு அந்த விடுபட்ட வரி ஒரு வேராயிற்று.

இன்று பார்க்கும் கோட்டை பெரும்பாலும் ஒல்லாந்தர் பலப்படுத்தியது. நான்கு கொத்தளங்கள், இரு பக்கம் களப்பு, மற்ற இரு பக்கம் அகழி. வாசலில் கம்பனியின் முத்திரை எழுத்துகள் உள்ளன. மதிலின் மேலே பழைய பீரங்கிகள் களப்பை நோக்கிக் கிடக்கின்றன. நீண்ட காலம் கச்சேரி இதனுள்ளே இயங்கியதால், காணி உறுதிக்கும் உத்தரவுப் பத்திரத்துக்கும் வந்துபோன கல்முனை, சம்மாந்துறை மக்களுக்குக் கோட்டை என்றால் அரச அலுவலகம் என்றே பொருள். கோட்டையை இடிபடாமல் காத்ததில் அந்த அன்றாடப் பயன்பாட்டுக்கும் பங்குண்டு.

வாய்மொழியில் ஒரு போர்

கல்லில் இல்லாத போர்நினைவு ஒன்றும் இக்கரையில் வாழ்கிறது. களப்பின் உரிமைக்காக முக்குவர், திமிலர் என்ற இரு சமூகத்தாருக்கிடையே நடந்த சண்டையில் முஸ்லிம்கள் முக்குவர் பக்கம் நின்று போரிட்டனர், வெற்றிக்குப் பின் முக்குவருக்கும் முஸ்லிம்களுக்கும் மணவுறவு ஏற்பட்டது என்பது அந்த மரபு. மட்டக்களப்பு மான்மியம் என்ற நூல் திமிலர் போரைப் பேசுகிறது, ஊர்ப் பெரியவர்களும் சொல்லக் கேட்கலாம். அதன் காலத்தை உறுதியாகக் கணிக்க ஆவணம் இல்லை. ஆனால் அம்மரபு விளக்க முற்படும் சமூக அமைப்பு கண்முன் உள்ளது: கிழக்கு முஸ்லிம்களும் இந்துத் தமிழரும் தாய்வழிக் குடிமுறையைப் பகிர்கின்றனர், பெண்ணுக்கு வீடு சீதனமாகிறது, பள்ளிவாசல் மரைக்காயர்மார் குடிவழியாகத் தெரிவான வழக்கமும் இருந்தது. சம்மாந்துறைப் பகுதியே பழைய மட்டக்களப்பு, அப்பெயர் பின்னரே புளியந்தீவுக்குப் போயிற்று என்றும் இங்கே வலுவான மரபு உண்டு.

பற்றுகளும் தவளப் பாதையும்

1766 உடன்படிக்கை கண்டியரசிடமிருந்து கரையோரம் முழுவதையும் பறித்து ஒல்லாந்தரிடம் ஒப்படைத்தது. அவர்களது நிர்வாகம் பற்றுப் பிரிவுகளைக் கொண்டு நடந்தது. கல்முனை கரவாகுப் பற்றில் அடங்கியது, தெற்கே நிந்தவூர்ப் பற்று, அக்கரைப்பற்று, பாணமைப் பற்று. ஒவ்வொரு பற்றுக்கும் வன்னியனார் தலைமை. கடைசிக் கால அதிகாரிகளில் ஒருவரான ஜேக்கப் பர்னான்ட் 1794இல் எழுதிய நிர்வாகக் குறிப்பு இவ்வமைப்பை அறிய முக்கியமான ஆவணம். 1795இல் ஆங்கிலேயர் மட்டக்களப்புக் கோட்டையை எடுத்தனர். 1804இல் கப்டன் ஆதர் ஜோன்ஸ்டன் ஏறக்குறைய 300 பேருடன் மட்டக்களப்பிலிருந்து காடுமலை கடந்து கண்டியை அடைந்தார். அங்கே வந்து சேரவேண்டிய மற்றப் படைப்பிரிவுகள் வராததால் போரிட்டபடியே திருகோணமலைக்குப் பின்வாங்கினார். அந்நடையைப் பற்றி அவரே எழுதிய நூல் 1810இல் வெளிவந்தது.

கரைக்கும் மலைக்கும் இடையிலான பாதைகளைப் படைகளுக்கு முன்பே அறிந்திருந்தவர்கள் தவளக்காரர்கள். பொதிமாட்டு நிரைகளில் உப்பும் கருவாடும் புடவையும் உள்நாட்டு வெல்லசைப் பகுதிக்கு ஏறின, பாக்கும் மலைநாட்டுப் பொருள்களும் கரைக்கு இறங்கின. இவ்வணிகத்தில் முஸ்லிம்கள் முன்னின்றனர். 1817இல் ஆங்கிலேயர் வெல்லசை முஸ்லிம்களுக்குத் தனி முகாந்திரம் ஒருவரை நியமித்தது சிங்களத் தலைவர்களின் எதிர்ப்பைக் கிளப்பியது. ஊவா வெல்லசைக் கிளர்ச்சி வெடித்ததற்கான காரணங்களில் அதுவும் ஒன்று. கிளர்ச்சி நசுக்கப்பட்டபோது தப்பி வந்தோரின் சந்ததி தாம் என்று பாணமையில் சொல்வோர் உண்டு.

கடலடிச் சின்னம்

1942 ஏப்ரல் 9ஆம் தேதி, யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. தாக்குதல் வருமென அறிந்து முந்திய இரவே துறைமுகத்தை விட்டுத் தெற்கே விலகியிருந்த பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸை, அட்மிரல் நகுமோவின் விமானங்கள் மட்டக்களப்புக் கடலில் கண்டுபிடித்து மூழ்கடித்தன. விமானந்தாங்கியாகவே தொடக்கத்திலிருந்து வடிவமைக்கப்பட்ட அக்கப்பலில், அன்று போரிட ஒரு விமானமும் இருக்கவில்லை. கப்பலில் 307 பேர் மாண்டனர். துணைவந்த அவுஸ்திரேலிய நாசகாரி வம்பயரும், கொலிஹொக் என்ற சிறுகப்பலும், இரு எண்ணெய்க் கப்பல்களும் மூழ்கின. உயிர்தப்பியோரில் பலரை வீட்டா என்ற மருத்துவக் கப்பல் மீட்டது. ஹேர்மிஸ் ஏறக்குறைய 50 மீற்றர் ஆழத்தில் கிடக்கிறது. பயிற்சிபெற்ற சுழியோடிகள் மட்டுமே அங்கே இறங்கலாம். அது போரில் இறந்தோரின் கல்லறையும் ஆதலால் எதையும் அகற்றக் கூடாது.

1990

உள்நாட்டுப் போரின் தடயங்கள் இக்கரையில் இன்னும் ஆறாதவை. 1990 ஜூன் 11இல் விடுதலைப் புலிகள் கிழக்கின் பொலிஸ் நிலையங்களைச் சுற்றிவளைத்தனர். கல்முனை உட்படப் பல நிலையங்களில் சரணடைந்த நூற்றுக்கணக்கான பொலிஸார் கொல்லப்பட்டனர். திருக்கோவிலுக்கு அருகிலுள்ள ரூபஸ்குளம் காடு அக்கொலைக்களங்களில் ஒன்று. ஆகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். மீரா ஜும்ஆப் பள்ளிச் சுவரில் குண்டு துளைத்த ஓட்டைகள் பூசப்படாமல் விடப்பட்டுள்ளன. ஆகஸ்ட் 12இல் சம்மாந்துறைக்கு அருகே வீரமுனைப் பிள்ளையார் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர் ஐம்பதுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர், ஊர்காவல் படையினர்மீது அக்குற்றம் சாட்டப்படுகிறது. ஒரு சமூகத்தின் இழப்பை மட்டும் குறித்து மற்றதை விடும் எந்தப் பட்டியலும் இக்கரையின் பதிவாகாது.

கடற்கரைப் பள்ளியும் இன்றைய நிலையும்

கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளி, நாகூர் ஷாஹுல் ஹமீது ஆண்டகையின் பெயரிலான தர்கா. ஜமாதுல் ஆஹிர் மாதக் கொடியேற்றத்துக்குப் பல ஊர்களிலிருந்தும் மக்கள் கூடுவர். கடலோடிகளின் காவலராக மதிக்கப்படும் இப்பெரியார் பெயரில் சிங்கப்பூர், பினாங்கு வரை தர்காக்கள் உள்ளன. அதாவது சோனகரின் கடல்வழி எதுவோ, அவ்வழி நெடுக இந்த மினாராக்கள். 2004 ஆழிப்பேரலை பள்ளியைச் சூழ்ந்த குடியிருப்புகளை அழித்தது, அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் பலியாயினர். கொடியேற்றம் தொடர்கிறது.

மரபுரிமை என்ற சொல் இம்மாவட்டத்தில் காணிப் பிரச்சினையோடு பிணைந்தது. பொத்துவில் முகுது மகா விகாரையைச் சுற்றிய எல்லைத் தகராறு அதற்குச் சான்று. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுரிமைக்கென அமைக்கப்பட்ட ஜனாதிபதி செயலணியில் தொடக்கத்தில் தமிழரோ முஸ்லிமோ ஒருவரும் இடம்பெறவில்லை. இம்மாகாணத்தில் பெரும்பான்மையாக வாழ்வோரை விட்டுவிட்டு அதன் வரலாற்றை அளப்பது நியாயமற்ற ஏற்பாடு. ஒலுவில் துறைமுகம் 2013இல் திறக்கப்பட்ட பின்னர் ஒலுவில், நிந்தவூர்ப் பகுதிகளில் கடலரிப்பும் கடுமையாகியுள்ளது. எனவே கரையோர ஸியாரங்கள், பழைய மையவாடிகள், பள்ளிவாசல்களிலும் நிலக்கிழார்களான போடியார் வீடுகளிலும் இருக்கும் பழைய உறுதிகள் ஆகியவற்றைப் படமெடுத்து ஆவணப்படுத்தும் வேலைக்கு முதலிடம் தர வேண்டும். அதைத் தொடங்க ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது.