பெரியப்பா சொன்ன பாட்டுப் பெட்டி

பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக இருந்த என் பெரியப்பா, 1960-களில் ஒருமுறை லீவில் புதுச்சேரி வந்தபோது திண்ணையில் உட்கார்ந்து சொன்னார்: "அங்கே கஃபேயில ஒரு பெட்டி இருக்குடா. காசு போட்டா பாட்டு வரும், பாடுறவங்க படமும் தெரியும்." பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு, பிரான்ஸ் முழுதும் தெரியும் என்று நினைப்பு. "கதை விடாதீங்க பெரியப்பா" என்று சிரித்துவிட்டேன். அதன்பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அந்தப் பெட்டி உண்மைதான். பெயர் ஸ்கோபிதோன்; 1960-இல் வந்தது. செய்தது கமெக்கா என்ற பிரெஞ்சு நிறுவனம். 1929-இல், பேசும் படம் பரவிய நாளில், தியேட்டர்களுக்குப் புரொஜெக்டர் செய்யத் தொடங்கிய கம்பெனி அது.

அதே கம்பெனி இன்னொரு வேலையும் செய்தது. பாரிசுக்குத் தெற்கே ஒர்சே பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ரேமோன் கஸ்தேனும் அவர் மாணவர் ஜோர்ஜ் ஸ்லொட்சியானும் 1962-இல் ஒரு புதுக் கருவியை விவரித்தார்கள். வெற்றிடத்தில் வைத்த ஒரு திடப்பொருளின் மேல் அயனிகளை வேகமாக மோதவிட வேண்டும். சேற்றில் கல் விழுந்தால் தெறிப்பதுபோல, மேற்பரப்பின் அணுக்கள் தெறிக்கும். அவற்றில் மின்னூட்டம் பெற்ற சிலவற்றை இழுத்துக் காந்தத்தின் வழியே விட்டால், லேசானது அதிகம் வளையும், கனமானது குறைவாக வளையும். எடையை வைத்து இன்னது என்று சொல்லிவிடலாம். எந்த இடத்திலிருந்து தெறித்தது என்பதையும் படமாகவே காட்டியது அவர்கள் கருவி. கமெக்கா 1968-இல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

ஒரு சிக்கல் இருந்தது. பலமாக மோதினால் மேலே ஒட்டியிருக்கும் மூலக்கூறுகள் உடைந்துபோகும். ஜெர்மனியில் பென்னிங்ஹோவன் 1970-ஐ ஒட்டி இதற்கு வழி கண்டார். மேற்பரப்பில் நூற்றில் ஒரு பங்குகூட அடிபடாதபடி அயனிகளைக் குறைத்தார். பெரிய மூலக்கூறுகளும் முழுசாகவே வெளிவந்தன.

2014-இல் ரொசெட்டா விண்கலம் ஒரு வால்நட்சத்திரத்தை அடைந்தது. அதன் தூசியை உலோகத் தகடுகளில் பிடித்து, இந்த முறையிலேயே அங்கேயே சோதித்தார்கள். பெரிய மூலக்கூறுகளில் கட்டுண்ட கார்பன் இருப்பது தெரிந்தது.

இதையெல்லாம் படித்துக்கொண்டு போனபோதுதான் கமெக்காவின் பழைய தயாரிப்புகளில் ஸ்கோபிதோன் பெயரைப் பார்த்தேன். படமும் இருந்தது. பெரியப்பா கையை விரித்துக் காட்டிய அதே உயரப் பெட்டி, மேலே சின்னத் திரை.

அவர் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. "நீங்க சொன்னது சரிதான் பெரியப்பா" என்று நேரில் சொல்ல வழியில்லை. இங்கே எழுதி வைக்கிறேன்.