ஆயுதம் களையப்பட்டதும் ஆயுதம் களைந்ததும்

காக்களூர்த் தொழிற்பேட்டையில் பணி முடிந்து திருவள்ளூரில் ரயிலேறுவோர் ஆவடியைக் கடந்தே சென்னைக்குச் செல்கின்றனர். 1965 முதல் அவ்வூரில் விஜயந்தா டாங்கிகள் உருவாயின. ஆயினும், பீரங்கி வண்டி வார்க்கும் இம்மாவட்டத்தில் தன் வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பவரைக் காண்பது அரிது. இதை நாம் இயல்பெனக் கொள்கிறோம். அமெரிக்க ஐக்கிய நாட்டில் இது இயல்பன்று. அங்கே 1791-இல் ஏற்கப்பெற்ற இரண்டாம் அரசியல் சட்டத் திருத்தம், ஆயுதம் ஏந்துவதைக் குடிமக்களின் உரிமையாக வைத்துள்ளது.

அந்நாட்டை மிக அருகிலிருந்து நோக்குவோர் கனடா மக்கள். மொழியும் வாழ்க்கை முறையும் பெரிதும் ஒன்றே. எல்லைக்கோடு ஒன்றே இடையில். வேட்டைத் துப்பாக்கி கனடாவின் சிற்றூர்களிலும் உண்டு. ஆனால் அதை உரிமை என்று அவர்களுடைய அரசியல் சட்டம் கூறவில்லை. 1989 டிசம்பர் 6 அன்று மான்ட்ரியால் பொறியியல் கல்லூரியில் பதினான்கு பெண்கள் சுட்டுக் கொல்லப்பட்டபோது அந்நாடு அதிர்ந்தது. 1995-இல் கடுமையான சட்டம் வந்தது. 2020-இல் நோவா ஸ்கோஷியாவில் இருபத்திரண்டு பேர் மாண்டபின் தாக்குதல் வகைத் துப்பாக்கிகள் தடைசெய்யப்பட்டன. எனினும் டொராண்டோவில் குற்றங்களுக்குப் பயன்படும் கைத்துப்பாக்கிகளில் பெரும்பகுதி தெற்கு எல்லையைக் கடந்தே வருகிறது. அண்டை வீட்டின் பழக்கம் வேலியோடு நிற்பதில்லையே! கனடாவிலும் எல்லோரும் ஒரே கருத்தினர் அல்லர். நீள்துப்பாக்கிகளுக்கான பதிவேட்டை அவர்களே 2012-இல் ஒழித்தனர்.

நம் கதை வேறு. நம் முன்னோர் தாமாக ஆயுதத்தைக் கீழே வைக்கவில்லை. 1799-இல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801 அக்டோபரில் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் அதே முடிவை எய்தினர். அவ்வாண்டு டிசம்பர் முதல் நாள், சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட அறிக்கை, பாளையக்காரரும் அவர்தம் மக்களும் ஆயுதம் தாங்குவதற்கு முடிவு கட்டியது. கோட்டைகள் இடிக்கப்பட்டன. பாளையங்களின் காவல் முறை தளர்ந்தது. வேளாண் குடிகள் அதனால் நிம்மதி பெற்றார்களா, அன்றித் தம் மானத்தை இழந்தார்களா? இரண்டும் நேர்ந்தன என்றே நமக்குத் தோன்றுகிறது.

1878-இல் லிட்டன் பிரபு கொணர்ந்த ஆயுதச் சட்டம் காயத்தை ஆழமாக்கியது. ஐரோப்பியர்க்கு விலக்கு; இந்தியர்க்கு உரிமம். துப்பாக்கியைவிட இந்த வேற்றுமைதான் படித்தவர் நெஞ்சைச் சுட்டது. அகிம்சையைப் போதித்த காந்தியடிகளே 1918-இல், ஒரு மக்களினத்தை முழுமையாக நிராயுதபாணியாக்கிய அச்சட்டத்தை ஆங்கில ஆட்சியின் மிகக் கொடிய செயல்களுள் ஒன்றாகக் கண்டார். 1931-இல் கராச்சி காங்கிரஸ் இயற்றிய அடிப்படை உரிமைகள் தீர்மானத்தில், ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் இடம்பெற்றது.

இவ்வளவும் நிகழ்ந்த பின்பு, விடுதலை பெற்ற நாடு அவ்வுரிமையை ஆவலோடு எழுதிக்கொண்டிருக்க வேண்டும் அன்றோ? 1948 டிசம்பர்த் தொடக்கத்தில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் அதற்கான திருத்தத்தை முன்மொழிந்தார். கராச்சித் தீர்மானத்தையும் நினைவூட்டினார். டாக்டர் அம்பேத்கர் அதனை ஏற்கவில்லை. அயலார் ஆட்சியில் எழுந்த கோரிக்கை வேறு, நம் அரசு அமைந்தபின் நிலைமை வேறு என்பதே அவர் வாதத்தின் சாரம். திருத்தம் தோற்றது. ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையே 19-ஆம் உறுப்பில் நின்றது. பின்னர் 1959-ஆம் ஆண்டுச் சட்டம் உரிம முறையைத் தொடர்ந்தது.

பிரிவினையின் குருதியும் காந்தியடிகள் மேல் பாய்ந்த குண்டுகளும் அச்சபையின் கண்முன் இருந்தன. அந்நியன் பறித்ததை மீட்கும் வாய்ப்புக் கையிலிருந்தும் அவர்கள் அதை உரிமையாக்கவில்லை. கெத்சமனித் தோட்டத்தில் பேதுரு வாளை உறையிலிட்டதும் வாளின்மையால் அன்று. வாள் கையில் இருந்தபோதுதான்.

விதிவிலக்கு ஒன்று நம் அண்டையிலேயே உண்டு. காவிரி பிறக்கும் குடகில், கொடவர்க்கும் ஜம்மா நிலம் உடையோர்க்கும் ஆங்கிலேயர் காலம் முதல் துப்பாக்கி உரிமத்திலிருந்து விலக்கு. கைல்போத் திருநாளில் அவர்கள் ஆயுதங்களை வழிபாட்டிடத்தில் வைத்து, துப்பாக்கியில் காந்தள் மலரைச் செருகுவர்; தோக்குப் பூ என்று அதற்குப் பெயர். தோக்கு என்பது துப்பாக்கி. தமிழகத்தின் மாநில மலரும் அதுவே. அவ்விலக்கை மத்திய அரசு 2019-இல் மேலும் பத்தாண்டுகளுக்கு, 2029 வரை, நீட்டியுள்ளது.