காலையில் சேறு, அப்புறம் ஹைவே: ஒரகடம் பக்கம் ஓட்ட எந்த பைக் சரி? எப்படி செட் பண்ணணும்?

வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் ஒரகடம், வல்லம் வடகால், சுங்குவார்சத்திரம் பக்கம் ஷிஃப்டுக்குப் போகிறவர்களுக்கு ஒரே நாளில் இரண்டு விதமான ரோடு. ஒன்று, வண்டலூர் - வாலாஜாபாத் சாலை, சிங்கப்பெருமாள்கோவில் - ஸ்ரீபெரும்புதூர் சாலை மாதிரி கன்டெய்னர் டிரெய்லர்கள் பறக்கிற அகலமான தார் ரோடு. இன்னொன்று, வாடகை வீட்டிலிருந்து அந்த ரோட்டைத் தொடும்வரை இருக்கிற ஒன்றிரண்டு கிலோமீட்டர். ஏரிக்கரை ஓரம், பிளாட் விற்றுவிட்டு ரோடு போடாமல் விட்ட நகர், குழாய் பதிக்கத் தோண்டி மண்ணைத் தள்ளி மூடிய தெரு என்று அது ஆளுக்கு ஆள் மாறும்.

சேற்றுக்கு ஏற்ற பைக் என்று தேடினால் இணையத்தில் வருவது எல்லாம் லடாக், ஸ்பிட்டி வீடியோக்கள்தான். தினமும் 35 கிலோமீட்டர் தார், 2 கிலோமீட்டர் சேறு என்று ஓட்டுகிறவருக்கு அது உதவாது. அவருக்கான விளக்கம் இது.

இந்தப் பக்கத்துச் சேறு ஏன் இப்படி வழுக்குது?

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம் ஏரிகள் நிறைந்த பூமி. ஏரி ஓரங்களில் களிமண் அதிகம். களிமண் காய்ந்தால் கல், நனைந்தால் பசை. மணல் கலந்த மண்ணில் தண்ணீர் சீக்கிரம் கீழே இறங்கிவிடும், டயருக்கும் ஏதோ ஒரு பிடி கிடைக்கும். களிமண் அப்படி இல்லை. டயரின் பள்ளங்களுக்குள் போய் அப்பிக்கொள்ளும். பத்து சுற்று சுற்றியதும் புது டயர்கூட மொட்டை டயர் மாதிரி ஆகிவிடும்.

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. டிப்பர் லாரிகளிலிருந்து சிந்துகிற சவுடு மண். வெயிலில் அது வெறும் தூசு. முதல் தூறல் விழுந்ததும் தார் மேல் மெல்லிய வழுவழுப்பான படலமாகிவிடும். பார்த்தால் ஈரமான ரோடு மாதிரிதான் இருக்கும்; பிரேக் பிடித்தால்தான் தெரியும். நல்ல மழை அரை மணி நேரம் அடித்துக் கழுவிவிட்டால் இந்த ஆபத்து குறையும். அதனால் பெருமழையைவிட தூறலில்தான் கூடுதல் கவனம் வேண்டும்.

முழுச் சேற்றில் விழுந்தால் பெரும்பாலும் சட்டைதான் பாழ். வேகமும் குறைவு, தரையும் மெத்து. சேறும் தாரும் சேருகிற இடத்தில் விழுந்தால் கதையே வேறு. அங்கே பக்கத்தில் லாரி வருகிறது. பைக் தேர்வு, டயர், காற்று என்று கீழே சொல்வதெல்லாம் அந்த இடத்தை மனதில் வைத்துத்தான்.

உள்ளூரிலேயே தயாராகுதே ஹிமாலயன், அதை வாங்கிடலாமா?

ராயல் என்ஃபீல்டின் ஒரகடம் ஆலை 2013-லும், வல்லம் வடகால் ஆலை 2017-லும் உற்பத்தியைத் தொடங்கின. மலைப் பயணத்துக்கென்றே அந்த நிறுவனம் 2016-ல் கொண்டுவந்த பைக் ஹிமாலயன். 411 சிசி. 2023 நவம்பரில் அதற்குப் பதிலாக ஹிமாலயன் 450 வந்தது. 452 சிசி, சுமார் 40 குதிரைத்திறன், முன்னாலும் பின்னாலும் 200 மி.மீ. சஸ்பென்ஷன், தரையிலிருந்து 230 மி.மீ. உயரம்.

சேற்றுக்கு இதில் உண்மையாகவே உதவுவது முன்சக்கரம். 21 அங்குலம். சக்கரம் பெரிதாக இருந்தால் பள்ளத்துக்குள் விழாமல் அதன் மேல் உருண்டு போகும்; குறுகலாகவும் இருப்பதால் மேல் சேற்றை வெட்டிக்கொண்டு கீழே இருக்கிற கெட்டி மண்ணைத் தொடும். மோட்டோகிராஸ் பைக், டக்கார் ராலி பைக் எல்லாவற்றிலும் 21 அங்குல முன்சக்கரம் இருப்பது இதனால்தான். 2024 டக்காரில் டிவிஎஸ் அணிக்காக ஓட்டி ராலி 2 பிரிவில் ஹரித் நோவா முதலிடம் பிடித்த பைக்கும் அதே ரகம். என்ன, டக்காரில் ஓட்டுகிறவருக்கு ராத்திரி மெக்கானிக் குழு காத்திருக்கும். நமக்கு 11 மணிக்கு பஞ்சர் கடையே திறந்திருக்காது.

இப்போது எடையைப் பார்ப்போம். ஹிமாலயன் 450 பெட்ரோலோடு 196 கிலோ. சீட் உயரம் 825 மி.மீ., 845 வரை ஏற்றலாம். ஸ்ப்ளெண்டர் பிளஸ் 112 கிலோ, சீட் 785 மி.மீ. அதாவது 84 கிலோ வித்தியாசம், ஒரு ஆளின் எடை. செகண்ட் ஷிஃப்ட் முடிந்து ஆள் இல்லாத ஏரிக்கரைச் சேற்றில் பைக் சாய்ந்தால், தனியாகத் தூக்கி நிறுத்த வேண்டியது நீங்கள்தான். காலை முழுசாக ஊன்ற முடியாத உயரம் என்றால் சாய்வதைத் தடுக்கவும் முடியாது. ஷோரூமில் ஷூ போட்டுக்கொண்டு உட்கார்ந்து பாருங்கள். இரண்டு பாதத்தின் முன்பாதியாவது தரையில் படியணும். படியவில்லை என்றால் வேறு பைக்கைப் பாருங்கள். பழகிடும் என்று சேல்ஸ்மேன் சொல்வதை நம்ப வேண்டாம்.

விலையிலும் ஒரு சங்கதி. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. 350 சிசிக்கு மேல் 40 சதவீதம் ஆனது. அதனால் ஹிமாலயனுக்கும் சின்ன பைக்குகளுக்கும் இடையிலான விலை இடைவெளி முன்பைவிட அதிகமாகிவிட்டது.

நடுவில் நிற்கிற பைக் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200. 2019-ல் வந்தது. இதிலும் 21 அங்குல முன்சக்கரம், 220 மி.மீ. தரை இடைவெளி. பின்னால் வந்த 4வி மாடல்கூட 158 கிலோதான். வாரக் கடைசியில் உண்மையாகவே மண்பாதையில் ஓட்டப் போகிறவர், உயரமும் ஒத்துவருகிறவர் என்றால் எங்கள் ஓட்டு இதற்கு. வேலைக்குப் போய்வர மட்டும்தான் என்றால் 100 முதல் 160 சிசிக்குள் நீங்கள் ஏற்கெனவே வைத்திருக்கிற பைக்கே போதும். டயரை மட்டும் மாற்றுங்கள். ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களுக்குச் சொல்ல பெரிதாக எதுவும் இல்லை: 10, 12 அங்குலச் சக்கரம் சேற்றுக்குழியில் இறங்கினால் ஏறாது. சுற்றி வந்தாலும் கெட்டி ரோட்டைப் பிடிப்பதே நல்லது.

சரி, எந்த டயர்?

டயருக்குப் பஞ்சமே இல்லாத ஊர் இது. ஒரகடத்தில் அப்போலோ, ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் சியட், ஜேகே என்று ஆலைகள் வரிசையாக இருக்கின்றன. ஆனாலும் டயர் கடையில் பைக் நம்பரைச் சொல்லி 'இதே மாதிரி ஒண்ணு போடுங்க' என்பதோடு நிறுத்திவிடுகிறோம்.

சாதாரண பைக்குகள் பலவற்றில் முன்டயரில் நீளவாக்கில் கோடு கோடாகப் பள்ளம் இருக்கும். தாரில் நேராக ஓட அது நல்லது. களிமண்ணில் அந்தக் கோடுகள் முதலில் அடைத்துவிடும். பக்கவாட்டில் பிடிக்க அதில் எதுவும் இல்லை. பின்டயர் வழுக்கினால் பைக் ஆடும், சமாளித்துவிடலாம். முன்டயர் வழுக்கினால் சமாளிக்க நேரமே இருக்காது. ஆகவே ஒரு டயருக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் முன்டயரை மாற்றுங்கள்.

அதற்காகப் பெரிய பெரிய கட்டிகள் இருக்கிற முழு ஆஃப்ரோடு டயரும் வேண்டாம். ஈரத் தாரில் அது படுகிற பரப்பு குறைவு, பிரேக் தூரம் கூடும், சத்தமும் வரும், சீக்கிரம் தேயும். நம் கணக்கு 35-க்கு 2 என்பதை மறக்கக்கூடாது. நடுவில் கட்டிகள் நெருக்கமாகவும், ஓரத்தில் இடைவெளி விட்டும் இருக்கிற இரட்டைப் பயன்பாட்டு டயர் கேளுங்கள். கடைக்காரரிடம் 'டூயல் பர்ப்பஸ்' என்றால் புரியும். எம்ஆர்எஃப் மோக்ரிப் மீட்டியார்-எம் மாதிரியானவை கட்டி அதிகம் உள்ள ரகம். சேறு கூடுதலாக இருக்கிற வழிக்கு அது சரி.

அளவை மட்டும் மாற்றாதீர்கள். டயர் பக்கவாட்டில் 80/100-18 என்று எழுதியிருந்தால் அதே எண். அதற்குப் பின்னால் வருகிற எடைக் குறியீட்டு எண்ணும் வேக எழுத்தும் பழைய டயரைவிடக் குறையக்கூடாது. 'கொஞ்சம் அகலமா போட்டா கிரிப் வரும்' என்கிற யோசனை சேற்றில் தலைகீழாகத்தான் வேலை செய்யும். அகல டயர் சேற்றின் மேல் மிதக்கும், மட்கார்டுக்கும் டயருக்கும் இடையே இருக்கிற கொஞ்ச இடமும் போய்விடும்.

இருசக்கர வாகன டயரில் பள்ளத்தின் ஆழம் குறைந்தபட்சம் 0.8 மி.மீ. இருக்க வேண்டும் என்பது சட்டம். பள்ளத்துக்குள் சின்ன மேடு ஒன்று இருக்கும். அதன் மட்டத்துக்கு டயர் தேய்ந்தால் ஆயுள் முடிந்தது. சேற்றில் ஓட்டுகிறவர் அதுவரை காத்திருக்க வேண்டாம். மழைக்கு முன்பே, செப்டம்பரிலேயே மாற்றிவிடுவது நல்லது. புது டயர் முதல் நூறு கிலோமீட்டர் தானே வழுக்கும் என்பதால், அந்தப் பழக்கத்தை வெயிலில் முடித்துக்கொள்ளலாம்.

காற்று எவ்வளவு?

செயின் கவர் பக்கத்திலோ ஸ்விங்ஆர்மிலோ ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் உங்கள் பைக்குக்கான அளவு இருக்கும். முதலில் அதைக் கடைப்பிடித்தாலே பாதி வேலை முடிந்தது. பல பேர் 'அடிக்கடி அடிக்க வேண்டாமே' என்று கூடுதலாக அடித்து வைக்கிறார்கள். கூடுதல் காற்று, சேற்றிலும் ஈரத் தாரிலும் பிடியைக் குறைக்கும்.

நீளமான சேற்றுப் பாதை என்றால் 4, 5 பிஎஸ்ஐ குறைத்து ஓட்டினால் டயர் கொஞ்சம் விரிந்து பிடிக்கும். டியூப் டயரில் 20 பிஎஸ்ஐக்குக் கீழே போகாதீர்கள். கல்லில் மோதினால் ரிம் டியூபைக் கடித்துவிடும். தார் ஏறியதும் திரும்ப அடிக்க வேண்டும். ஷிஃப்டுக்கு ஓடுகிறவர் தினமும் இரண்டு தடவை காற்றைக் கூட்டிக் குறைக்க முடியாது என்பது தெரிந்ததே. அப்படிப்பட்டவர் ஸ்டிக்கரில் உள்ள அளவிலேயே விடுவது நல்லது.

ஸ்போக்கா, அலாயா? ஸ்போக் சக்கரம் அடி தாங்கும், வளைந்தாலும் நிமிர்த்தலாம். ஆனால் பெரும்பாலும் டியூப் டயர். அலாயில் டியூப்லெஸ் போடலாம். ஆணி ஏறினாலும் காற்று மெதுவாக இறங்கும், வீடு வந்து சேரலாம். தொழிற்பேட்டைச் சாலையில் இரும்புத் துண்டுக்குக் குறைவில்லை. நைட் ஷிஃப்ட் ஆட்களுக்கு டியூப்லெஸ்தான்.

மெக்கானிக்கிடம் சொல்ல வேண்டியவை

கம்பெனியில் தருகிற சேஃப்டி ஷூவில் முன்னால் இரும்புத் தொப்பி இருக்கும். சாதாரண உயரத்தில் இருக்கிற கியர் லிவருக்குக் கீழே அது நுழையாது. கியர் மாற்ற முடியாமல் சேற்றில் நிற்பவர்கள் உண்டு. லிவர் போல்ட்டைத் தளர்த்தி ஒரு பல் மேலே ஏற்றிப் போட்டால் தீர்ந்தது. ஐந்து நிமிட வேலை. பின்பிரேக் பெடலையும் அதே ஷூவோடு உட்கார்ந்து சரிபார்க்கச் சொல்லுங்கள்.

சைடு ஸ்டாண்டு சேற்றில் இறங்கி வண்டி சாய்வது இன்னொரு தினசரித் தொல்லை. அடியில் சப்பையாக ஒரு இரும்புத் தகடு பற்றவைத்துக்கொள்ளலாம். ஒரு பலகைத் துண்டை பையில் வைத்திருந்தாலும் போதும்.

முன் மட்கார்டுக்குள் களிமண் அடைத்துக்கொண்டு சக்கரமே சுற்றாமல் நின்றுவிடும். அப்போது ஆக்ஸிலேட்டரைத் திருகினால் கிளட்ச் பிளேட்தான் கருகும். இறங்கி ஒரு குச்சியால் குத்தி எடுங்கள். மட்கார்டைக் கழற்றிப் போட்டுவிடுவது தீர்வல்ல. தார் ரோட்டில் முன்டயர் தெறிக்கிற சேறு நேராகக் கண்ணுக்கு வரும்.

சேறு, தார் சேருகிற இடத்தில்

சேற்றில் இரண்டாவது கியர், ஒரே சீரான வேகம். முன்பிரேக்கைத் தொடாமல், பின்பிரேக்கை மட்டும் மெதுவாக. பார்வை சக்கரத்தில் இல்லாமல் பத்து மீட்டர் முன்னால் இருக்கட்டும். தார் ஏறுவதற்கு முன் ஒரு நொடி நின்று, வருகிற வண்டிகளைப் பார்த்து, ஓரத்திலேயே நேராக ஏறுங்கள். விளிம்பைச் சாய்வாக உரசிக்கொண்டு ஏறினால் முன்சக்கரம் அந்த மேட்டில் வழுக்கும். ஏறியதும் முதல் நூறு, இருநூறு மீட்டர் டயரில் இன்னும் களிமண்தான் இருக்கிறது. அந்தத் தூரத்தில் ஓவர்டேக் வேண்டாம், பைக்கைச் சாய்க்க வேண்டாம், டிரெய்லருக்குப் பக்கத்தில் போகவே வேண்டாம்.

2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட எல்லா புது பைக்கிலும் ஏபிஎஸ் கட்டாயம். சவுடு படிந்த தாரில் அது உயிர்காக்கும். ஆனால் தளர்ந்த சேற்றில் நிற்கிற தூரம் கூடும். ஹிமாலயன் 450-ல் பின்சக்கர ஏபிஎஸ்ஸை மட்டும் நிறுத்தி வைக்கலாம். தார் வந்ததும் மறக்காமல் போட்டுவிடுங்கள். டிரம் பிரேக் வண்டி தண்ணீரில் இறங்கி ஏறினால் கொஞ்ச தூரத்துக்கு பிரேக் பிடிக்காது. மெதுவாகப் போகும்போதே லேசாக அழுத்தி அழுத்திக் காயவிட வேண்டும். தண்ணீர் சக்கரத்தின் நடு அச்சுக்கு மேல் இருந்தால் இறங்காதீர்கள். நடுவில் வண்டி நின்றுபோனால் திரும்ப ஸ்டார்ட் செய்யாமல் தள்ளிக்கொண்டு வாருங்கள். இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருந்தால் ஒரு ஸ்டார்ட்டிலேயே கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிவிடுங்கள், களிமண் காய்ந்தால் உளி வைத்துத்தான் எடுக்கணும். வாரம் ஒரு தடவை வாட்டர் வாஷ் விட்டால், பிரஷர் கன்னை கோன் செட், வீல் பேரிங், செயின் மேல் நேராக அடிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். உள்ளே இருக்கிற கிரீஸை அது வெளியே தள்ளிவிடும். கழுவி முடித்து துணியால் துடைத்து, செயின் லூப் அடித்துவிட்டு, பத்து நிமிஷம் கழித்து வண்டியை எடுங்கள்.